வாசல் எந்தப் பக்கம்?

டிங்கியில் உட்கார்ந்தபடி, படகில் ஏறக் கால் தூக்குவதற்கு முன்பே, அம்மா கேட்டாள்: "வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

அருப்புக்கோட்டையில் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அது. நாங்கள் இருந்ததோ மலேசியாவின் வடமேற்கு மூலையில், லங்காவியில், குவா நகரத்துக்கு எதிரே கரையை விட்டு அரைக் கிலோமீட்டர் தள்ளி நங்கூரமிட்டிருந்த 38 அடிப் பாய்மரப் படகில். நான் யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். நங்கூரமிட்ட படகு காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கும். தை மாதத்தில் இங்கே அடிப்பது வடகிழக்குக் காற்று. அதனால் படகின் முன்பக்கமான அணியம் ஈசான மூலையைப் பார்த்திருக்கும். உள்ளே இறங்கும் வாசல் படகின் பின்பக்கம் திறக்கிறது. அதாவது கன்னிமூலை.

அம்மா முகம் போன போக்கைப் பார்த்து என் வீட்டுக்காரர், "அத்தை, முதல்ல ஏறுங்க, உள்ள போய்ப் பேசிக்கலாம்" என்று கையை நீட்டினார். அவள் ஏறினாள். சுங்குடிச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, ஆடுகிற டிங்கியிலிருந்து ஆடுகிற படகுக்கு, இரண்டும் ஒரே சமயம் மேலெழும் அந்த ஒரு நொடியில் கால் வைத்தாள். அதை நாங்கள் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. எப்படி என்று கேட்டதற்கு, "கெணத்துப் படிதான" என்றாள்.

வாசல் பிரச்சினையை அப்பா மறுநாள் தீர்த்துவைத்தார். இரவில் காற்று விழுந்துவிட்டது. காற்று இல்லாவிட்டால் படகு நீரோட்டத்தின் சொல்படி திரும்பும். காலையில் சூரியன் நேராக வாசல் வழியே அடுப்படிக்குள் வந்தது. "பாத்தியா, கெழக்கு" என்றார். மதியத்துக்குள் கடல்நீர் ஏறி, நீரோட்டம் திரும்பி, வாசல் மேற்கே போய்விட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா மாறுது. வாஸ்துக்காரன் இங்க பொழைக்க முடியாது" என்று முடித்துவைத்தார்.

அந்தக் கைக்கடிகாரத்தை அவர் கடைசிவரை இந்திய நேரத்திலேயே வைத்திருந்தார். மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். தை, மாசியில் லங்காவியில் சூரியன் உதிக்கவே ஏழரை ஆகிவிடும். வாழ்நாள் முழுக்க ஐந்து மணிக்கு எழுந்த மனிதர் இங்கேயும் ஐந்துக்கே எழுந்தார். அது உள்ளூர்க் கணக்கில் ஏழரை. "ஏழரைக்கு எந்திரிக்கிறேன்னு ஊர்ல சொல்லிறாத" என்று என்னிடம் கேட்டுக்கொண்டார்.

அப்பா முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். கடலை முதலில் பார்த்தது கல்யாணமான பிறகு, திருச்செந்தூரில். ஒரே மகள் சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிக்கொள்ள அவருக்குச் சில வருஷங்கள் கிடைத்தன. பிறகு அவள் வேலையையும் ஃபிளாட்டையும் விட்டு, கொரோனாவுக்குப் பின் லங்காவியில் மலிவாக விலைக்கு வந்த ஒரு பழைய படகை வாங்கி அதில் குடியிருக்கிறாள் என்பதை ஊரில் எப்படிச் சொல்வது? "கப்பல்ல வேலை" என்று சொல்லிவைத்திருக்கிறார். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள்வரை விசா இல்லாமல் மலேசியா வரலாம் என்றானதும் அவர்களை அழைக்க ஆரம்பித்தேன். ஓராண்டு கழித்து, 2025 ஜனவரி கடைசியில் வந்தார்கள். மகள் நிஜமாகவே ஒரு வீட்டில்தான் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டுப் போக வந்தார்கள் என்பது சாத்தூர்ச் சேவுப் பொட்டலங்களைப் பிரிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் அதிர்ச்சி மாப்பிள்ளை பாத்திரம் விளக்கியது. இரண்டாவது, கேப்டன் அவரில்லை, நான் என்பது. அப்பா இரண்டு நாள் சுற்றிச்சுற்றி மாப்பிள்ளையிடமே கேட்டார்: "நாளைக்கு எந்தப் பக்கம் மாப்ள?" அவர் ஒவ்வொரு முறையும், "அவதான் மாமா சொல்லணும்" என்றார். படகில் ஒருவர் பேச்சுதான் நடக்க வேண்டும். அது நாகரிகம் இல்லை, பாதுகாப்பு. ஆனால் பெற்ற அப்பாவிடம், "உட்காருங்க", "அங்க நிக்காதீங்க", "லைஃப் ஜாக்கெட்டக் கழட்டாதீங்க" என்று சொல்லும்போது நாக்கு ஒரு நொடி தயங்கத்தான் செய்கிறது. நடக்கும்போது ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்திருக்க வேண்டும் என்றேன். "டவுன் பஸ்ல நிக்கிற மாதிரி" என்றார். அதற்குப் பிறகு அதைத் திரும்பச் சொல்ல வேண்டி வரவில்லை.

அவரிடம் சுக்கான் கட்டையைக் கொடுத்தது மூன்றாம் நாள். எங்கள் படகில் சக்கரம் கிடையாது, ஒரு நீளக் கட்டைதான். அதை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகும். முப்பத்தோரு வருஷப் பழக்கம் ஒரு மணி நேரம் அவரோடு சண்டை போட்டது. படகு பாம்புபோல நெளிந்தது. பிறகு, "இதுக்குப் பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். நிற்க வேண்டுமானால் காற்றுக்கு எதிரே திருப்ப வேண்டும், அல்லது எவ்வளவு தூரத்தில் தானாக நிற்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். அவர் வெகுநேரம் பேசவில்லை. "பிரேக் இல்லன்னு தெரிஞ்சு ஓட்டுறவன் நிதானமாத்தான் ஓட்டுவான்" என்றார் கடைசியில்.

நங்கூரம் அவருடைய அகராதியில் 'நைட் ஹால்ட்'. ஆழம் ஆறு மீட்டர் என்றால் முப்பது மீட்டர் சங்கிலி விடுவோம். பிடித்து நிறுத்துவதில் பாதி வேலை அந்தச் சங்கிலியின் கனத்துக்கு. அப்படியும் நங்கூரம் இழுபடலாம், அதற்குக் கைபேசியில் அலாரம் இருக்கிறது என்று காட்டினேன். அவர் அதை நம்பவில்லை. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து, கரையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தெரிந்த இரண்டு விளக்குகளைக் குறித்துக்கொண்டார். விளக்குகள் விலகினால் நாம் நகர்கிறோம் என்று அர்த்தம். பக்கத்துப் பஸ் கிளம்பும்போது நம் பஸ் பின்னால் போவதுபோல ஏமாற்றுமாம், அதனால் தூரத்துச் சுவரைத்தான் பார்க்க வேண்டுமாம். மாலுமிப் பள்ளியில் நான் பணம் கட்டிக் கற்றுக்கொண்டது இது.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். படகின் தொட்டி 350 லிட்டர். முந்தைய மாதம் வந்த நண்பர் குடும்பம் அதை இரண்டரை நாளில் தீர்த்தது. அம்மா வந்த பிறகு எட்டாம் நாளும் தொட்டியில் தண்ணீர் இருந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை குழாய் வரும் தெருவில் என்னை வளர்த்தவள். அரிசி கழுவிய தண்ணீரில் காய், காய் கழுவியதில் தட்டு, தட்டு கழுவியதில் தளம். குழாயைத் திறந்தால் மோட்டார் உறுமும் சத்தம் அவளுக்குப் பிடிக்கவில்லை. காலையில் ஒரு சொம்பு பிடித்து வைத்துக்கொள்வாள், மாலைவரை அதுதான். படகுக்காரர்கள் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி ஒருவருக்கொருவர் பெருமையடித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களை ஒரு கோடை காலம் எங்கள் தெருவில் குடிவைக்க வேண்டும்.

லங்காவி 99 தீவுகள் என்பார்கள். நீர் வற்றினால் இன்னும் ஐந்து தலைகாட்டி 104 ஆகும். எங்களுக்கு நேரமிருந்தது ஐந்தாறுக்குத்தான். சுண்ணாம்புக்கல் பாறைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுகின்றன. அடியில் அலை அரித்து, பல் தேய்ந்த கிழவியின் வாய்போலக் குடைந்திருக்கிறது. மேற்கே மாச்சின்சாங் மலையின் மணற்கல் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் பழையது. இந்தப் பாறைகளுக்காகவே 2007-ல் தென்கிழக்காசியாவின் முதல் உலகப் புவிப்பூங்கா என்ற தகுதி இத்தீவுக்கு வந்தது. அப்பா பாறைகளைவிடக் கரையோரத் தார்ச்சாலையைத்தான் அதிகம் ரசித்தார். "ஒரு குழி இல்ல பாப்பா."

அம்மாவுக்குப் பருந்து. லங்காவி என்ற பெயரே பருந்தைக் குறிப்பது என்று உள்ளூரில் சொல்வார்கள்: 'ஹெலாங்' என்றால் பருந்து, 'காவி' என்றால் செம்பழுப்பு. மலாய் அகராதியைத் திறக்காமலே நமக்கு அந்தக் காவி புரிகிறது. குவா துறைமுகத்தில் பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்குச் சிறகு விரித்த சிலையே வைத்திருக்கிறார்கள். அந்தச் செம்பருந்து நம் கருடன்தான். முதல் கருடனைப் பார்த்ததும் அம்மா எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று சனிக்கிழமை வேறு. இரண்டாவது, மூன்றாவது, பிறகு ஒரே வானத்தில் ஏழு. கிலிம் சதுப்புநிலக் காட்டுப் பக்கம் போனபோது சுற்றுலாப் படகுகள் வீசும் கோழித்தோலுக்காக அவை முப்பது நாற்பதாகச் சுழன்றன. அவள் கையை மடியில் வைத்துவிட்டாள். "பெருமாளுக்கு இத்தன வண்டியா?" என்றாள். கோழித்தோல் அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான். கொழுப்பைத் தின்று பழகும் பறவை மீன் பிடிக்க மறந்துவிடும் என்று இங்கே சொல்பவர்கள் இருக்கிறார்கள், வீசுபவர்களும் இருக்கிறார்கள்.

குவாச் சந்தையில் அவளுக்கு மொழி ஒரு தடையாகவே இல்லை. கடைக்கு 'கெடாய்', பெட்டிக்கு 'பெத்தி', கப்பலுக்கு 'காப்பால்' என்கிற ஊரில் என்ன தடை? நெத்திலிக் கருவாடு வாங்கினாள். முழங்காலுக்குக் 'காமாட்' எண்ணெய் இரண்டு புட்டி வாங்கினாள். அது கடல் அட்டையில் காய்ச்சுவது, லங்காவியில் தெருவுக்குத் தெரு விற்பது. நம் நாட்டில் கடல் அட்டை 2001 முதல் புலிக்குச் சமமான சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, சென்னையில் சுங்கத்தில் மாட்டினால் வம்பு என்றேன். அவள் வாதாடவில்லை. மீதி நாட்களில் இரண்டு புட்டியையும் இரண்டு பேர் முழங்காலிலும் தேய்த்தே தீர்த்தாள். படகு இன்னும் மணக்கிறது.

தாயாங் புந்திங் தீவுக்கு அவளைக் கூட்டிப்போகலாமா வேண்டாமா என்று நானும் என் வீட்டுக்காரரும் முந்தின இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் யோசித்துக்கொண்டிருந்தோம். லங்காவிக்கு வந்தவர்கள் அங்குள்ள ஏரியைப் பார்க்காமல் போவதில்லை. கடலிலிருந்து பார்த்தால் அந்த மலைவரிசை மல்லாந்து படுத்த நிறைசூலிபோல இருக்கும். பெயருக்கே கர்ப்பிணி நங்கை என்று பொருள். சுண்ணாம்புக் குகையின் கூரை இடிந்து விழுந்த பள்ளத்தில் நன்னீர் தேங்கி ஏரியானது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு பாறைச் சுவர்தான். இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் குடிக்கிற தண்ணீர். வானுலகப் பெண்ணொருத்தி தன் இறந்த குழந்தையை அந்த நீரில் விட்டுப்போனாள் என்பது கதை. பிள்ளையில்லாதவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை.

எனக்கு முப்பத்தொன்பது. கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம். எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு நின்று ஆறேழு வருஷம் ஆகிறது. பேச்சுதான் நின்றது.

துறையில் இறங்கி, பையைப் பிடுங்க வரும் குரங்குகளுக்கு நடுவே படியேறி இறங்கினால் ஏரி. பச்சைத் தண்ணீர், சுற்றிலும் காடு, மிதக்கும் மேடையில் பையன்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். கதையை நான் சொல்லவில்லை. தமிழ் பேசுகிற ஓர் அக்கா, சுங்கைப்பட்டாணியிலிருந்து குடும்பத்தோடு வந்தவர், அம்மாவின் சேலையைப் பார்த்துப் பேச வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மா கேட்டுக்கொண்டாள். "ஆழமா?" என்றாள். பிறகு மேடை ஓரத்தில் குந்தி, கையில் கொஞ்சம் அள்ளி, தீர்த்தம்போல என் தலையில் தெளித்தாள். மாப்பிள்ளை தலையிலும் தெளித்தாள். அப்பா தூரத்தில் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வரும்போது, "வெயில் ஏறிருச்சு, தொப்பி போடு" என்றாள்.

இதற்கெல்லாம் நடுவே ஒரு கெடு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தைப்பூசத்தைப் பினாங்கில் பார்க்க வேண்டும். அங்கே தண்ணீர்மலை முருகனுக்கு ஏதோ வேண்டுதல். அந்த வருஷம் பூசம் பிப்ரவரி 11. முந்தின நாள் அதிகாலையில் தேர் கிளம்பிவிடும். படகில் வாழ்பவர்கள் பயப்படுவது புயலுக்குக்கூட இல்லை, தேதிக்குத்தான். இந்த நாளில் இந்த இடத்தில் இருந்தாக வேண்டும் என்று வந்துவிட்டால் போகக் கூடாத காற்றில் போகச் சொல்லும் மனசு. லங்காவியிலிருந்து பினாங்கு சுமார் 60 கடல் மைல். எங்கள் வேகத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். 7-ஆம் தேதி விடிகாலை கிளம்புவதாக ஏற்பாடு.

6-ஆம் தேதி இரவே மலை இடுக்குகளிலிருந்து காற்று இறங்க ஆரம்பித்தது. காலை நான்கு மணிக்குக் காற்றுமானி 26 நாட் காட்டியது. நாங்கள் இருவர் மட்டும் என்றால் பாயைச் சுருக்கிக்கொண்டு போயிருப்போம். நான் போகவில்லை என்றேன்.

அப்பா சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். "சொன்ன டைமுக்கு வண்டிய எடுக்கணும் பாப்பா. உங்கம்மா வேண்டுதல் இருக்கு." எடுக்க முடியாதுப்பா என்றேன். "மாப்ள என்ன சொல்றீங்க?" மாப்பிள்ளை தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார், வாய் திறக்கவில்லை. என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "நான்தான் ஓட்டுறேன். நான் எடுக்க மாட்டேன்."

கம்பிகளில் காற்று ஊளையிடும் சத்தம் மட்டும். அப்பா சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். நான் பள்ளியில் படிக்கும்போது அவர் ஒன்றரை மாதம் வீட்டிலிருந்தார், உடம்பு சரியில்லை என்று சொல்லியிருந்தார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லையாம். பிரேக் சரியாகப் பிடிக்காத வண்டியை எடுக்க மாட்டேன் என்று டெப்போவில் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாராம். அதற்கு மெமோ, சம்பளப் பிடித்தம், அப்புறம் சஸ்பென்ஷன். "வேற ஒருத்தன் எடுத்துட்டுப் போனான். ஒண்ணும் ஆகல. நல்லபடியாப் போய்ட்டு வந்துட்டான். எல்லாரும் என்னயப் பாத்துச் சிரிச்சாங்க." சற்று நிறுத்தி, "ஆனாலும் நான் எடுத்திருக்க மாட்டேன்" என்றார்.

அம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "கெளம்பலயா?" என்றாள். "டிரைவர் சொன்னாச் சொன்னதுதான். போய்ப் படு" என்றார் அப்பா.

மறுநாள் 8-ஆம் தேதி காற்று பாதியாகத் தணிந்திருந்தது. இருட்டில் ஐந்து மணிக்கு நங்கூரம் எடுத்தோம். கரை மறைந்து ஒரு மணி நேரத்தில் அப்பாவுக்குக் குமட்டல் கண்டது. பஸ்ஸில் எத்தனையோ பேர் வாந்தியெடுப்பதைக் கண்ணாடியில் பார்த்தவர். ஓட்டுகிறவனுக்கு வராது என்று அவரே கண்டுபிடித்துச் சுக்கானைக் கேட்டு வாங்கிக்கொண்டார், உடனே சரியானது. அம்மா இஞ்சி மரப்பாவைச் சப்பிக்கொண்டு, வலைகளின் கொடிகளை எங்களுக்கு முன்பே பார்த்துச் சொன்னாள். மீனவர்கள் மூங்கிலில் கறுப்புத் துணி கட்டி மிதக்கவிடுவார்கள். அந்தக் கயிறு எஞ்சின் விசிறியில் சுற்றினால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

பத்து மணிக்குப் பாயர் தீவைத் தாண்டினோம். இடப்பக்கம் மூட்டத்துக்குள் ஒரு தனி மலை எழுந்தது: குனோங் ஜெராய், 1,217 மீட்டர். சமவெளியில் ஒற்றையாக நிற்பதால் வங்கக் கடலைக் கடந்து வந்த பழைய கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்களும் இரும்பு உருக்கிய உலைகளும் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. இதுதான்ப்பா கடாரம், 1025-ஐ ஒட்டி ராஜேந்திர சோழன் படை வந்த இடம் என்றேன். "விக்ரம் படம்" என்றார். மலையை மூன்று மணி நேரம் விடாமல் பார்த்துக்கொண்டே வந்தார். அது இடத்தை விட்டு நகரவே இல்லை என்பது அவருக்கு ஆச்சரியம். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் மலைகள் மெதுவாகத்தான் நகரும். "இந்த வேகத்துல வந்துதான் சண்ட போட்டாங்களா?" என்றார்.

மதியத்துக்கு மேல் காற்று செத்தது. எஞ்சின் போட்டோம். நீரோட்டம் எதிர்த்தது. ஜார்ஜ் டவுனைத் தாண்டிப் பினாங்குப் பாலத்தின் அடியில் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. 1985-ல் திறந்த பாலம், பதின்மூன்றரை கிலோமீட்டர், நடுவில் சுமார் முப்பது மீட்டர் உயரம். எங்கள் பாய்மரம் அதில் பாதிதான். ஆனால் கீழிருந்து பார்த்தால் எப்போதும் இடிக்கப்போவதுபோலவே இருக்கும். அப்பா கழுத்தைச் சுருக்கிக் குனிந்துகொண்டார். மேலே பஸ்கள் போகிற சத்தம்.

ஜெரெஜாக் தீவுக்கும் பினாங்குக்கும் நடுவே நைட் ஹால்ட். 1969 முதல் 1993 வரை அது சிறைத் தீவு. அதற்கு முன் தொழுநோயாளிகளை வைத்திருந்தார்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் வந்த கூலிகளை ஊருக்குள் விடுமுன் தடுத்து வைத்ததும் இங்கேதான். அப்பாவின் பெரியப்பா ஒருவர் ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். 1926 முதல் கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் இந்தக் கடலில் ஓடிய கப்பல், ஆயிரக்கணக்கில் டெக் பயணிகளை ஏற்றியது. பெரியப்பாவிடமிருந்து இரண்டு மணியார்டர் வந்ததாம், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அப்பா இருண்ட தீவைப் பார்த்தபடி, "அவரும் இங்க ஒரு நைட் ஹால்ட் போட்டிருப்பாரோ" என்றார்.

எங்கள் பயணப் பதிவேட்டை அன்று அவர்தான் எழுதினார். அவரைப் பொறுத்தவரை அது டிரிப் ஷீட். 'லங்காவி – பினாங்கு. 62 மைல். பயணிகள் 2. காலதாமதம்: ஒரு நாள், இரண்டு மணி. காரணம்: டிரைவர் முடிவு, சரி.' கீழே கையெழுத்து, தேதி. நேரம் மட்டும் இந்திய நேரம்.

பூசத்தைப் பற்றி எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். தேருக்கு முன்னால் தெருவில் மலைமலையாகக் குவித்து உடைத்த தேங்காய்களின் தண்ணீர் செருப்பை நனைத்தது. தண்ணீர்மலையின் 513 படியையும் அம்மா கடல் அட்டை எண்ணெய் தேய்த்த முழங்காலோடு ஏறினாள். அப்பா கீழே ஒரு தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து பினாங்குத் தமிழர்களோடு டீசல் விலை பேசினார். என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்துச் சென்னை விமானத்தில் ஏற்றிவிட்டுப் படகுக்குத் திரும்பினோம். விமான நிலையத்தில் அம்மா சொன்னது, "வீடு சின்னதுதான், சுத்தமா இருக்கு" என்று மட்டும். இரவு சோறு வைக்க அரிசி டப்பாவை எடுத்தேன். அதன் பின்னால், அலையில் உருளாமல் பழந்துணி சுற்றி, ஒரு லிட்டர்ப் புட்டி செருகியிருந்தது. லேசாகப் பச்சை படிந்த தண்ணீர். அந்த ஏரியில் அவள் எப்போது பிடித்தாள் என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

குடிதண்ணீரோடு மாறிப்போகாமல் இருக்க அதன்மேல் ஏதாவது எழுதி ஒட்ட வேண்டும் என்றார் அவர். மார்க்கரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மூடியை இன்னொரு திருகு இறுக்கி, துணியைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.